‘தலையைத் திறக்கப் போறாங்களாம்’: ஒரு பயமும் நாம் இழக்கும் மணித்தியாலங்களும்

மூன்று வருடங்களுக்கு முன்னர், ரமழான் மாதத்தின் நடுப்பகுதியில் ஒரு நாள். ஹட்டனில் எங்கள் வீட்டுக் குசினியில் ராத்தா ஸஹருக்காகத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். திடீரென்று கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பிடரியைப் பிடித்தார். “தங்கச்சி, தலைக்குள்ள என்னமோ வெடிச்ச மாதிரி ஈக்குது” என்றார். அடுத்த நிமிடமே வாந்தி எடுத்தார்.

நான் என்ன செய்தேன்? இரண்டு பனடோல் கொடுத்தேன். நெற்றியில் சித்தாலேப பூசிவிட்டேன். “நோன்பு பித்தம் ராத்தா, கொஞ்சம் படுங்க” என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் பாடசாலைக்குப் போய்விட்டேன். அன்று பத்தாம் தர மாணவர்களுக்கு நான் நடத்திய பாடம் குருதிச் சுற்றோட்டத் தொகுதி. கரும்பலகையில் இதயத்தை வரைந்து, நாடி எது, நாளம் எது என்று சிவப்பு, நீலச் சுண்ணக்கட்டிகளால் காட்டினேன். அதே நேரத்தில் வீட்டில் என் ராத்தாவின் மூளையைச் சுற்றி ஒரு நாடியிலிருந்து கசிந்த இரத்தம் பரவிக்கிடந்தது.

பின்னேரம் நான் வீடு திரும்பியபோது அவரால் கழுத்தை மடிக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் பட்டாலே கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் வைத்தியசாலைக்கு ஓடினோம். ஸஹரிலிருந்து அதுவரை கழிந்தது பதின்மூன்று மணித்தியாலம். அந்தப் பதின்மூன்று மணித்தியாலத்துக்கும் பொறுப்பு வேறு யாருமல்ல, நான்தான். என்னைப் போன்ற இன்னொருவர் அதே தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது?

அன்றிரவே ராத்தாவைக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். சீ.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு தெரிந்தது. காரணம் ‘அனியூரிஸம்’ என்றார்கள். தமிழில் நாடிப் புடைப்பு என்று சொல்லலாம்.

எங்கள் மலைநாட்டு வாசகர்களுக்கு இதைப் புரிய வைப்பது இலகு. தோட்டங்களில் மலையிலிருந்து ஊற்று நீரை ரப்பர் குழாய் போட்டு லயத்துக்குக் கொண்டுவருவோம். அந்தக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் நீரின் அழுத்தம் நாள்தோறும் மோதும். ரப்பர் சற்று நலிந்திருந்தால் அந்த இடம் மெதுவாகப் புடைத்து, ஒரு சிறு பலூன் போல ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, நீரும் வழமைபோல வரும். ஒரு நாள் அந்தப் புடைப்பு கிழியும்போதுதான் தெரியவரும்.

மூளையின் அடிப்பகுதியில் நாடிகள் ஒரு வளையம் போல இணைந்திருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் இதனை விவரித்த தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியரின் பெயரால் அது ‘வில்லிஸ் வளையம்’ எனப்படுகிறது. அந்த வளையத்திலிருந்து நாடிகள் கிளைவிடும் இடங்களில்தான் பெரும்பாலான புடைப்புகள் உண்டாகின்றன.

வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்கு இப்படியொரு புடைப்பு இருக்கக்கூடும் என்று மருத்துவ ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் வெடிப்பதே இல்லை. ஆகவே இதை வாசித்துவிட்டு யாரும் பீதியடைய வேண்டியதில்லை. ஆனால் வெடித்துவிட்டால் நிலைமை வேறு. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துபோகிறார். பிழைப்பவர்களிலும் பலருக்கு ஏதாவதொரு குறைபாடு எஞ்சுகிறது. ஆண்களை விடப் பெண்களுக்கு இது அதிகம். நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடையிலேயே பெரும்பாலும் வெடிக்கிறது. ஒரு குடும்பத்தின் பாரத்தைச் சுமக்கும் வயது அது.

புகைபிடித்தலும் கட்டுப்படுத்தப்படாத உயர் இரத்த அழுத்தமும் நம்மால் மாற்றக்கூடிய இரு பெரும் காரணிகள். ராத்தாவுக்குப் பிரஷர் இருந்தது. மாத்திரையும் இருந்தது. தலை சுற்றினால் மட்டும் போடுவார், சுகமாக இருந்தால் விட்டுவிடுவார். எங்கள் ஊர்களில் பலர் அப்படித்தான். பிரஷர் மாத்திரை தலைச்சுற்றலுக்கான மருந்தல்ல. சுகமாக இருக்கும் நாட்களிலும் நாடியின் சுவரைக் காப்பதற்குத்தான் அது தரப்படுகிறது.

அந்தத் தலைவலி எப்படி இருக்கும்?

தலைவலி இல்லாத வீடு இல்லை. வேலைக்களைப்பு, ஒற்றைத் தலைவலி, பீனிசம், நோன்பு காலத்தில் தேநீர் குடிக்காததால் வரும் தலைவலி என்று எத்தனையோ வகை. இவையெல்லாம் பொதுவாக மெல்ல மெல்லத்தான் கூடும்.

புடைப்பு வெடிக்கும்போது வரும் தலைவலி அப்படியல்ல. ஒரு விநாடி முன்னர் ஒன்றுமில்லை. சில விநாடிகளில், அல்லது ஒரு நிமிடத்துக்குள், உச்சத்தைத் தொட்டுவிடும். அனுபவித்தவர்கள் எல்லோரும் ‘வாழ்க்கையில் இப்படியொரு வலியைக் கண்டதில்லை’ என்றும் ‘இடி விழுந்தது போல’ என்றும்தான் சொல்கிறார்கள். இத்துடன் வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, ஒரு கண் இமை தொங்குதல், பொருட்கள் இரண்டாகத் தெரிதல், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்துகொள்ளலாம். சிலருக்குத் தலைவலி மட்டும் வந்து, சில மணித்தியாலத்தில் குறைந்தும் விடலாம். அந்தக் குறைவு ஏமாற்றக்கூடியது. முதலில் சிறிதாகக் கசிந்து நின்ற புடைப்பு மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணித்தியாலத்திலேயே மிக அதிகம். இரண்டாவது வெடிப்பு முதலாவதை விடக் கொடியது.

சீ.டி. ஸ்கேன் விடயத்திலும் நேரம் முக்கியம். வலி தொடங்கி ஆறு மணித்தியாலத்துக்குள் எடுத்தால் கசிவு இருந்தால் ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்துவிடும். நேரம் செல்லச் செல்ல இரத்தம் கரைந்து, ஸ்கேனில் தெளிவு குறையும். அப்போது முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரலாம்.

இன்னொரு விடயம். இப்படித் தலைவலி வந்தால் வீட்டில் இருக்கும் டிஸ்பிரினைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள ஆஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும். கசிந்துகொண்டிருக்கும் நாடிக்கு அது பாதகம். நோன்பாளியாக இருந்தால், நோயாளிக்கு நோன்பை விடும் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது; ‘இஃப்தார் வரை பொறுப்போம்’ என்று காத்திருக்க எந்தத் தேவையும் இல்லை.

கண்டி வார்டில் ஒரு இரவு

அன்றிரவு கண்டியில் எங்களுக்குப் பக்கத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒருவர் நின்றிருந்தார். அவரது மனைவி கொழுந்து மலையில் மயங்கி விழுந்திருந்தார். அவருக்கும் இதே நோய்தான். வைத்தியர்கள் உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். இவர் கையொப்பமிட மறுக்கிறார்.

“டீச்சர், மண்டைய தொறந்தா ஆளு திரும்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படியே கூட்டிக்கிட்டுப் போயிறலாமான்னு பார்க்கிறேன்” என்றார்.

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் என் மனதிலும் அதே பயம்தான் இருந்தது. விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கே இந்த நோய்க்கு என்ன செய்வார்கள் என்று தெரியாது. வைத்தியர் சிங்களத்தில் விளக்கினார், நான் அவருக்குத் தமிழில் சொன்னேன். எங்கள் இருவருக்குமாக அந்த வைத்தியர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். அன்று தெரிந்துகொண்டதையும், பின்னர் தேடி வாசித்ததையும் இங்கே தருகிறேன்.

முதல் வழி: புடைப்பின் கழுத்தை இறுக்குதல்

பலூனின் வாயை நூலால் கட்டுவது போல, புடைப்பு நாடியோடு ஒட்டியிருக்கும் கழுத்துப் பகுதியில் ஒரு சிறு உலோகக் கிளிப்பை மாட்டிவிடுவது பழைய, இன்றும் நம்பகமான முறை. கொடியில் உடுப்பு காயப்போடும் கிளிப்பைப் போன்றதுதான், ஆனால் சில மில்லிமீட்டர் அளவானது. கிளிப் மாட்டியதும் புடைப்புக்குள் இரத்தம் போகாது, நாடி வழமைபோல ஓடும். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் வோல்டர் டான்டி 1937இல் இதை முதன்முதலில் செய்தார்.

அந்தக் காலத்தில் வெறும் கண்ணால் பார்த்துச் செய்தார்கள், ஆபத்து மிக அதிகம். 1925இல் துருக்கியில் பிறந்த காசி யாஷர்கில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 1960களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நுணுக்குக்காட்டியின் கீழ் மூளை நாடிகளில் சத்திரசிகிச்சை செய்யும் முறையை வளர்த்தெடுத்தார். இன்று உலகின் எந்த மூலையில் மூளைச் சத்திரசிகிச்சை நடந்தாலும் அவரது வழிமுறையின் சாயல் அதில் இருக்கும்.

அடுத்து வந்த கேள்வி, இவ்வளவு பெரிதாக மண்டையோட்டைத் திறக்கத்தான் வேண்டுமா என்பது. கதவிலுள்ள சாவித் துவாரம் சிறியதுதான். ஆனால் அதில் கண்ணை வைத்துப் பார்த்தால் முழு அறையும் தெரியும் அல்லவா? ஜேர்மனியின் மைன்ஸ் நகரைச் சேர்ந்த அக்செல் பெர்னெஸ்கி இந்த எண்ணத்தைத்தான் ‘சாவித் துவாரச் சத்திரசிகிச்சை’யாக வளர்த்தார். புருவ மயிரோடு ஒட்டிச் சிறிதாக வெட்டி, இரண்டு மூன்று சென்ரிமீட்டர் அகலமான எலும்புத் துண்டை எடுத்து, அந்த வழியாக உள்ளே போய்க் கிளிப் மாட்டுவார்கள். பின்னர் எலும்பைத் திரும்ப வைத்துப் பொருத்திவிடுவார்கள். தழும்பு புருவத்துக்குள் மறைந்துவிடும்.

ஆனால் துவாரம் சிறிதாக இருந்தால் எப்போதும் நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. புடைப்பு வெடித்து மூளை வீங்கியிருந்தாலோ, மூளைக்குள் இரத்தம் கட்டியாகத் தேங்கியிருந்தாலோ பெரிதாகத் திறப்பதுதான் பாதுகாப்பு. பொகவந்தலாவைக்காரரின் மனைவிக்கு நிலைமை அதுதான். தேங்கிய இரத்தத்தையும் அகற்ற வேண்டும், கிளிப்பும் போட வேண்டும். “திறப்பதால் போகும் உயிர் அல்ல, திறக்காவிட்டால் போகக்கூடிய உயிர்” என்றார் வைத்தியர். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் நீண்ட நேரம் காகிதத்திலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனையை வாங்கினார்.

இரண்டாவது வழி: தலையைத் திறக்காமலே

ராத்தாவுக்குச் செய்தது வேறு. அவரது புடைப்பின் இடமும் வடிவமும் அதற்கு ஏற்றதாக இருந்ததால் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவரது தலையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

தொடையின் மேற்பகுதியிலுள்ள நாடியில் ஊசித் துவாரம் ஒன்று இட்டு, அதன் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். இப்போது சிலருக்கு மணிக்கட்டு வழியாகவும் செய்கிறார்கள். எக்ஸ்-ரே திரையில் பார்த்தபடியே அந்தக் குழாயைப் பெருநாடி வழியாக மேலே கொண்டுபோய், கழுத்தைக் கடந்து மூளைக்குள் சேர்த்தார்கள். அதற்குள் இன்னும் மெல்லிய ஒரு குழாயை விட்டு, அதன் நுனியைப் புடைப்பினுள் வைத்தார்கள். பிறகு மிக மென்மையான பிளாட்டினக் கம்பிச் சுருள்களை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விட்டார்கள். நூற்பந்து போலச் சுருண்டு அவை புடைப்பை நிரப்பிவிடும். இரத்தம் உள்ளே சுழல முடியாமல் உறைந்து, அந்த இடம் அடைபட்டுவிடும்.

இதைச் சாத்தியமாக்கியவர் இத்தாலியரான கைடோ குக்லியெல்மி. சுருளைப் புடைப்பினுள் வைத்து, சரியாக அமர்ந்ததா என்று பார்த்து, பிழையென்றால் திரும்ப இழுத்து, சரியென்றால் சிறு மின்னோட்டத்தால் கம்பியிலிருந்து கழற்றிவிடும் முறையை அவர் உருவாக்கினார். லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1990ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அது பயன்படுத்தப்பட்டது.

இரண்டு முறையையும் ஒப்பிட்ட பெரும் ஆய்வொன்று 2002இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. புடைப்பு வெடித்த 2,143 நோயாளிகள் அதில் இருந்தார்கள். எல்லோருமே இரண்டு முறைக்கும் பொருத்தமானவர்கள் எனக் கருதப்பட்டவர்கள். ஒரு வருடத்தின் பின்னர் பார்த்தபோது, கிளிப் போட்டவர்களில் 30.6 வீதத்தினர் இறந்திருந்தார்கள் அல்லது பிறர் தயவில் வாழ்ந்தார்கள். சுருள் வைத்தவர்களில் அது 23.7 வீதம். அதே வேளை, சுருள் வைத்த புடைப்பு காலப்போக்கில் ஓரளவு மீண்டும் திறந்துகொள்ளும் வாய்ப்பு கிளிப்பை விட அதிகம். அதனால் சுருள் வைத்தவர்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை படமெடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே ‘எது புதிய முறை?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘இந்த நோயாளிக்கு எது பொருத்தம், ஏன்?’ என்று கேளுங்கள். புடைப்பின் இடம், அளவு, கழுத்தின் அகலம், நோயாளியின் வயது, மூளையின் நிலை என்பவற்றைப் பார்த்துத்தான் வைத்தியர்கள் தீர்மானிக்கிறார்கள். வெடிக்காத சிறிய புடைப்பு தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டால், ஒன்றும் செய்யாமல் அவதானித்துக்கொண்டிருப்பதே சரியான தீர்மானமாகவும் இருக்கலாம்.

சிகிச்சை முடிந்தால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. வெளியே கசிந்த இரத்தம் சுற்றியுள்ள நாடிகளை உறுத்தி, அவற்றைச் சுருங்க வைக்கும். நான்காம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது. அதைத் தாங்க நிமோடிபின் என்ற மருந்தை வழமையாக 21 நாட்களுக்கு நேரம் தவறாமல் கொடுப்பார்கள். ‘எழுந்து பேசுகிறார்தானே, வீட்டுக்குக் கூட்டிப் போவோம்’ என்று அவசரப்படாதீர்கள்.

அல்ஹம்துலில்லாஹ், ராத்தா இன்று எங்களோடு இருக்கிறார். சமைக்கிறார், பேரப்பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுக்கிறார். ஆனால் பழைய ராத்தா முழுமையாகத் திரும்பவில்லை. சில சொற்கள் நாக்கு நுனியில் நின்றுவிடும். பின்னேரமானால் களைத்துவிடுவார். வெளியில் காயம் எதுவும் தெரியாததால், ‘சுகமாயிட்டீங்கதானே, இன்னும் என்ன களைப்பு?’ என்று வருபவர்கள் கேட்பார்கள். அந்தப் பதின்மூன்று மணித்தியாலம் குறைந்திருந்தால் இந்த மறதியும் குறைந்திருக்குமோ என்று எனக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு எந்த வைத்தியராலும் உறுதியான பதில் சொல்ல முடியாது. நான் சுமக்க வேண்டிய கேள்வி அது.

நாம் செய்ய வேண்டியது

மலைநாட்டில் நேரம் ஏற்கெனவே நமக்கு எதிராகத்தான் இருக்கிறது. தோட்டத்து லயத்திலிருந்து பிரதான பாதைக்கு வரவே சிலவேளை ஒரு மணித்தியாலம் எடுக்கும். அதன் பின்னர் கினிகத்தேனை வளைவுகளைத் தாண்டிக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. பாதையின் தூரத்தை நாம் ஒரே நாளில் குறைக்க முடியாது. வீட்டுக்குள் நாமே இழக்கும் நேரத்தைக் குறைக்கலாம்.

இடி போன்ற திடீர்த் தலைவலி வந்தால் தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த இலவசச் சேவை இப்போது நாடு முழுவதும் இருக்கிறது. மயக்கத்தில் இருப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ தேநீரோ ஊற்றாதீர்கள். வைத்தியரிடம் ‘தலைவலி’ என்று மட்டும் சொல்லாமல், ‘ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போன தலைவலி, இத்தனை மணிக்குத் தொடங்கியது’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவர் யோசிக்கும் திசையையே மாற்றும். பெற்றோர், உடன்பிறப்புகளில் இருவருக்கு இந்த நோய் வந்திருந்தால், மற்றவர்கள் பரிசோதனை தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

என் மாணவர்களுக்கு இப்போது குருதிச் சுற்றோட்டப் பாடத்தின் முடிவில் ஓர் எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன்: 1990. தலையைத் திறக்காமல் மூளைப் புடைப்பை அடைக்கும் சுருள் முதன்முதலில் ஒரு மனிதருக்குப் பயன்பட்ட வருடம் அது. நம்மை அந்தச் சிகிச்சையை நோக்கிக் கொண்டுசெல்லும் அம்பியூலன்ஸின் இலக்கமும் அதுவே. வீட்டுக்குப் போய் உம்மாவிடமும் அம்மாவிடமும் சொல்லுங்கள் என்பேன்.

நான்கு மாதங்களின் பின்னர் ஒரு நாள் பொகவந்தலாவையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அவர்தான் பேசப் போகிறார் என்று நினைத்தேன். பேசியது அவரது மனைவி. “டீச்சர், ராத்தா எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.